முப்பத்தாறு வயது ஆண், மூன்று வார வயிற்றுவலி: ஒரு நோயறி புதிர் விளையாட்டின் நிகழ்வு ஆய்வு

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவன். நோயாளியின் முகம் எனக்குப் பெரும்பாலும் தெரியாது. ஊதா மூடி போட்ட டியூபும் அதோடு வரும் சீட்டும்தான் தெரியும். சீட்டில் பெயர், வயது, என்ன பரிசோதனை என்பது இருக்கும். 'நோய் விவரம்' என்று ஒரு கட்டம் அச்சடித்திருப்பார்கள். அது காலியாகவே வரும். அக்கா மகள் இப்போது ஹவுஸ் சர்ஜன். விடுதியில் எல்லோரும் ஆடுகிறார்கள் என்று ஒரு நோயறி விளையாட்டைக் கைபேசியில் காட்டினாள். நோயாளியிடம் நாமே கேள்வி கேட்கலாம் என்றாள். அந்த ஒன்றுக்காகவே உட்கார்ந்தேன்.

விதிகள் எளிமை. கையில் நூறு புள்ளி. நோயாளியைப் பற்றி இரண்டு மூன்று வரி வரும். அதன் கீழே பட்டியல்கள்: கேட்க வேண்டிய கேள்விகள், தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள், ஆய்வகப் பரிசோதனைகள், ஸ்கேன் வகைகள். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கேள்விக்கு 2 புள்ளி, உடலில் ஒரு பகுதியைப் பார்க்க 3, சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு 5, சிறப்புப் பரிசோதனைக்கு 10, சி.டி. ஸ்கேனுக்கு 15, எண்டோஸ்கோப்பிக்கு 20. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் 25 புள்ளி போய்விடும். எல்லாம் முடிந்து கையில் மிஞ்சுவதுதான் மதிப்பெண். மருத்துவ அறிவு இல்லாதவர்கள் இதை ஆட முடியாது. ஆனால் விலைப்பட்டியலை மட்டும் யார் வேண்டுமானாலும் படித்து ரசிக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் திறந்த புதிரின் முதல் வரிகள் இவை: 36 வயது ஆண், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம். மூன்று வாரமாக விட்டு விட்டு வயிற்றுவலி. இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு வந்து, வாயுத் தொல்லை என்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர். இன்று வலி தாங்காமல் மூன்றாவது முறையாக வந்திருக்கிறார்.

கேள்விகளும் வயிறும்

கேள்வி கேட்கும் பொறுப்பை அவளிடம் விட்டேன். படித்துவந்த வரிசையில் கேட்டாள். வலி எங்கே, எப்படி? தொப்புளைச் சுற்றி, முறுக்கிப் பிழிகிற வலி. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டால் கொஞ்சம் தேவலை. வாந்தி? எப்போதாவது. மலம்? நாலு நாளைக்கு ஒரு முறை, அதுவும் கஷ்டப்பட்டு. மது? வாரக் கடைசியில் இரண்டு பீர். மருந்துகள்? அவசரப் பிரிவில் கொடுத்த ஓமெப்ரசோல் மட்டும். நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதுவும் கிடையாது.

கடைசிக் கேள்வியை ஏன் கேட்டாய் என்றேன். "வயித்துவலின்னு வந்து எதுவும் புரியலன்னா பஸ்பம் செந்தூரம் ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேக்கணும் மாமா. எங்க சீஃப் அதைச் சொல்லாம ஒரு ரவுண்டு முடிக்க மாட்டார்." சீஃப் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் எழுபதை ஆராய்ந்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் பதினான்கில் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஆக அவள் மனதில் காரீயம் ஆரம்பத்திலேயே ஒரு நொடி வந்து போயிருக்கிறது. 'இல்லை' என்ற பதில் வந்ததும் போய்விட்டது. புதிரை அமைத்தவரின் கெட்டிக்காரத்தனம் இங்கே தொடங்குகிறது. அந்த 'இல்லை' மூடியது ஒரே ஒரு வாசலை. கேட்பவருக்கோ வீடே பூட்டியிருப்பதாகத் தோன்றிவிடும்.

அடுத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருக்கிறது. இறுக்கம் இல்லை, அழுத்தி விட்டால் வலி கூடவில்லை, குடல் சத்தம் குறைவு. காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு 88, ரத்த அழுத்தம் 152/96. வலியோ பத்துக்கு ஒன்பது.

வலி இவ்வளவு, வயிறு இவ்வளவு சாது என்றால் மருத்துவர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் மனதில் ஓடும் போலிருக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பு, சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாவது, போர்ஃபைரியா என்ற பிறவிக் கோளாறு என்று விரலை மடக்கிக்கொண்டே போனாள். முதலாவது ஆளைக் கொல்லக்கூடியது. அதை விட்டுவிட்டு வேறெதையும் யோசிக்கக் கூடாது என்று சி.டி. கேட்டாள். பதினைந்து புள்ளியாயிற்றே என்றேன். "ராத்திரி டியூட்டியில இவரை ஸ்கேன் எடுக்காம அனுப்பினா நாளைக்குக் காலையில என்னைத்தான் கேப்பாங்க." சரி, எடுத்தோம். பெருங்குடலில் மலம் தேங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. கணைய நொதி சாதாரணம். கல்லீரல் பரிசோதனை சாதாரணம்.

விளையாட்டுக் கணக்கில் இந்த சி.டி. வீண். நிஜத்தில் அவள் செய்ததுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். மூன்றாம் முறை வந்தவரை, இவ்வளவு வலியோடு இருப்பவரை, ஸ்கேன் இல்லாமல் வைத்திருப்பது துணிச்சல் இல்லை, சூதாட்டம்.

ஸ்லைடு

ரத்த அணுக்கள் எண்ணிக்கை வந்தது. ஹீமோகுளோபின் 9.2. சிவப்பணுவின் சராசரி அளவு 75, அதாவது அணுக்கள் சிறுத்திருக்கின்றன. வெள்ளையணு, தட்டணு இரண்டும் சரியாக இருக்கின்றன.

இந்த இடத்தில் அவள் எண்டோஸ்கோப்பி பக்கம் போனாள். காரணம் புரிகிறது. 36 வயது ஆணுக்கு மாதவிலக்கு கிடையாது. ரத்தம் குறைந்து அணு சிறுத்திருந்தால் உள்ளே எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கூட வயிற்றுவலியும் இருக்கிறது. குடற்புண், குடல் அழற்சி, புற்று எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. ஆனால் கசிவு என்றால் இரும்புச்சத்து காலியாகியிருக்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க ஐந்து புள்ளி, ரத்தச் சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயமிட்டுப் பார்க்கும் ஸ்மியருக்கு ஐந்து. இரண்டும் சேர்ந்தாலும் எண்டோஸ்கோப்பியில் பாதிதான். என் துறை என்பதால் கொஞ்சம் அடம்பிடித்தேன். ஃபெரிட்டின் 110 வந்தது. இரும்பு இருக்கிறது.

பிறகு ஸ்மியர். விளையாட்டில் மற்றதெல்லாம் எழுத்தாக வரும். இது மட்டும் படமாக வந்தது. எண்ணெய் லென்ஸில் பார்த்தது போல, உண்மையான ஸ்லைடின் படம். சிவப்பணுக்களில் பலவற்றின் உள்ளே கருநீலப் புள்ளிகள், கரடுமுரடாக, அணு முழுவதும் சிதறிக் கிடந்தன.

நம் ஊர் ஆய்வகத்தில் சிவப்பணுவுக்குள் புள்ளி தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது மலேரியா. வைவாக்ஸ் வகையிலும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை செம்மை கலந்தவை, மெல்லியவை. அந்த அணு உப்பிப் பெரிதாகியிருக்கும். உள்ளே கிருமியும் உட்கார்ந்திருக்கும். இங்கே கிருமி இல்லை, அணு சிறியது, புள்ளி நீலம். ஒரு மூலையில் மட்டும் கொத்தாக ஒட்டியிருந்தால் இரும்புத் துகள் என்று சந்தேகிக்கலாம். அப்படியும் இல்லை.

அந்தப் புள்ளிகள் என்ன என்பது வேதியியல். சிவப்பணு முதிரும்போது தன்னிடம் மிச்சமிருக்கும் ஆர்.என்.ஏ.வை உடைத்து வெளியேற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைக் காரீயம் முடக்கிவிடும். உடையாத மிச்சம் அணுவுக்குள்ளேயே திரண்டு நிற்கும். லெய்ஷ்மன் சாயம் போட்டால் நீலமாகத் தெரியும். தலசீமியா என்ற பிறவி ரத்தசோகையிலும் இதே புள்ளிகள் வரும். அதிலும் அணு சிறுத்திருக்கும், இரும்பு குறையாது. எனவே ஸ்லைடு ஒரு பெயரைச் சொல்லவில்லை. இரண்டு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டது.

தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு சங்கதி. இந்தப் புள்ளிகளைத் தானியங்கி அனலைசர் எண்ணிச் சொல்லாது. யாராவது ஸ்லைடைப் பார்த்தால்தான் உண்டு. அப்புறம், ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈ.டி.டி.ஏ.வில் ரத்தம் நெடுநேரம் கிடந்தால் புள்ளிகள் மங்கிவிடும். விரலில் குத்தி எடுத்த சொட்டில் உடனே போட்ட ஸ்மியர்தான் நம்பகமானது. காலையில் எடுத்த டியூப் மாலையில் கைக்கு வரும் இடங்களில் எத்தனை ஸ்லைடு இப்படித் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது.

தலசீமியாவா காரீயமா என்பதை முடிவு செய்தது அவள் கேட்ட கேள்விதான். "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" போன வருடம் அலுவலக உடல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 15.1. தலசீமியா பிறவியிலேயே இருப்பது. போன வருடம் பதினைந்து இருந்தவருக்கு இந்த வருடம் புதிதாக வராது. இரண்டே புள்ளியில் பாதிப் பட்டியல் கழிந்தது.

வேலை என்ன, வீடு எங்கே

காரீயம் என்றால் எனக்குத் தோன்றியது பேட்டரி. பழைய பேட்டரியை உடைத்துத் தகட்டை உருக்கும் கொட்டகைகள் நம் பக்கம் இருக்கின்றன. 'தொழில்' என்ற கேள்வியை அழுத்தினாள். பதில்: காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கர், பத்து வருடமாக அதே மேசை.

"போச்சு மாமா."

பலர் இங்கேதான் திரும்பிப் போவார்கள் என்று நினைக்கிறேன். நாட்டு மருந்து இல்லை, தொழிலும் இல்லை. காரீயத்துக்கு மருத்துவப் பாடப் புத்தகம் முன்வைக்கும் இரண்டு பெரிய வாசலும் சாத்தியாயிற்று. பட்டியலில் இன்னும் கீழே போனால் 'வீடும் பொழுதுபோக்கும்' என்று ஒரு கேள்வி, 'செல்லப் பிராணிகள்' 'வெளியூர்ப் பயணம்' இவற்றுக்கு நடுவில் கிடந்தது. அழுத்தினோம்.

ஆறு மாதம் முன்பு வீடு வாங்கியிருக்கிறார். 1926இல் கட்டியது. இரண்டு மாதமாகச் சனி ஞாயிறுகளில் ஜன்னல், கதவுச் சட்டங்களில் அப்பியிருக்கும் பழைய பெயிண்டைச் சூடான காற்று ஊதும் கருவியால் இளக்கிச் சுரண்டுகிறார். பிறகு உப்புத்தாளால் தேய்க்கிறார். இரண்டு வயது மகளுக்கு அந்த அறையைத் தயார் செய்ய வேண்டுமாம்.

ஓஹையோ மருத்துவர் ஒருவருக்கு '1926' என்ற எண்ணே போதும், மணி அடித்துவிடும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல். 1940க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்கு 87இல் எங்கேயாவது காரீயப் பெயிண்ட் இருக்கும் என்பது அந்நாட்டு அரசு மதிப்பீடு. சும்மா இருக்கும் சுவர் பெரிய தொந்தரவு தராது. சுரண்டினால் தூசி, சூடாக்கினால் புகை. நமக்கு 1926 என்றால் பழைய வீடு, அவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்திருப்பார்கள் என்று நினைப்போம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற உச்சவரம்பு 2016ஆம் ஆண்டு விதிகளால் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அப்படியானால் நம் ஊரில் சுரண்டக் கூடாத சுவர்கள் பல இருபது வருடம்கூட ஆகாதவை. இதை அவளிடம் சொன்னபோது, "நம்ம ஊருக்கு ஒரு கேஸ் எழுதினா வருஷத்தை மட்டும் மாத்தணும்" என்றாள்.

வாயைப் பார்க்க மூன்று புள்ளி. ஈறும் பல்லும் சேருமிடத்தில் கருநீலக் கோடு. லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஹென்றி பர்ட்டன் என்பவர் 1840இல் எழுதிவைத்த அடையாளம் இது. பல் இடுக்கில் வாழும் பாக்டீரியா வெளியிடும் கந்தகத்தோடு ரத்தத்தில் வரும் காரீயம் சேர்ந்து படிவது. பல்லைச் சுத்தமாக வைத்திருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். எனவே கோடு இருந்தால் வலுவான சாட்சி, இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. புதிரில் வைத்திருக்கிறார்கள், சரி.

ரத்தத்தில் காரீய அளவு: ஒரு டெசிலிட்டருக்கு 82 மைக்ரோகிராம். நோயின் பெயரைச் சொன்னோம். கையில் மிச்சம் 25 புள்ளி.

இந்தப் பரிசோதனையை விளையாட்டு 'முழு ரத்தத்தில்' என்று சரியாகக் கேட்கிறது. ரத்தத்தில் இருக்கும் காரீயத்தில் 99 சதவீதம் சிவப்பணுவுக்குள்தான் இருக்கும். அணுக்கள் நீங்கிய தெளிநீரான சீரத்தைப் பிரித்து அனுப்பினால் எண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் வரும். அமைத்தவர்களில் யாரோ ஆய்வகம் தெரிந்தவர் இருக்கிறார்.

திரும்பிப் பார்த்தால்

போர்ஃபைரியாவை நாங்கள் சோதிக்காமலே தாண்டினோம். பத்து புள்ளி மிச்சம் என்பதைத் தவிர அதற்கு நல்ல காரணம் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோல நடிப்பவை: முறுக்கு வலி, மலச்சிக்கல், சாதுவான வயிறு, ஏறிய ரத்த அழுத்தம், சில சமயம் கை தளர்வு. காரணமும் உறவுக்கார காரணம்தான். ஹீமோகுளோபினின் 'ஹீம்' பகுதியை உடல் படிப்படியாகச் செய்கிறது. அந்தப் படிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் போர்ஃபைரியா. அதே வரிசையில் வேறொரு படியைக் காரீயம் மறிக்கிறது. இரண்டிலும் 'ஏ.எல்.ஏ.' என்ற இடைப்பொருள் சிறுநீரில் ஏறும். பி.பி.ஜி. என்ற அடுத்த பொருள் போர்ஃபைரியாவில் மிக அதிகமாகும், காரீயத்தில் அப்படி ஏறாது. சிறுநீரைப் பார்த்திருந்தால் இன்னும் சுத்தமான நிரூபணம். ஸ்மியரும் வீட்டுக் கதையும் கையில் இருந்ததால் புள்ளியைச் சேமித்தோம்.

விளையாட்டு முடிந்ததும் சிகிச்சை பற்றி ஒரு பத்தி காட்டுகிறது. தூசியிலிருந்து ஆளை விலக்குவது முதல் மருந்து. பிறகு சக்சிமர் என்ற மாத்திரை, அல்லது ஊசியாகக் கால்சியம் கலந்த ஈ.டி.டி.ஏ. ஆம், எங்கள் ஊதா மூடி டியூபில் இருப்பதன் உடன்பிறப்புதான். டியூபில் இருப்பது ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையவிடாமல் செய்கிறது. மருந்தாகக் கொடுப்பதில் கால்சியத்தை முன்கூட்டியே ஏற்றியிருப்பார்கள். அது கால்சியத்தை விட்டுக் காரீயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் போகும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் கால்சியம் இல்லாததை நரம்பில் ஏற்றி, ரத்தத்தில் கால்சியம் சரிந்து, 2005இல் அமெரிக்காவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். விளையாட்டு இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். தரையில் விளையாடி, விரலை வாயில் வைக்கும் வயது. விழுங்கும் காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நாலைந்து மடங்கு சிறு குழந்தைகள் உறிஞ்சுவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு 3.5 மைக்ரோகிராம், 2021இல் 5இலிருந்து குறைத்தார்கள். அப்பாவிடம் 82 இருக்கிறது. நோயின் பெயரைச் சொன்னதும் திரையில் பூ தூவிவிட்டு அடுத்த புதிருக்குப் போகச் சொல்கிறார்கள். "பொண்ணுக்கும் மனைவிக்கும் எடுக்க ஒரு பட்டன்கூட இல்ல" என்று அக்கா மகளுக்குக் கோபம். கருத்துப் பெட்டியில் அதை எழுதி அனுப்பினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. காரீயத்தைக் கண்டுபிடித்த மருத்துவர் வீட்டாரை விட்டுவிட்டால் நிகழ்வில் பாதிதான் முடிந்திருக்கிறது.

கேள்வியின் விலை

'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் வெளியான நூலில், பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். குயவர்கள் மெருகுக்குப் பூசும் காரீயத்தால் கை நடுங்கி முடங்குவதை அதில் விவரித்திருக்கிறார். நம் கணக்கரிடம் அந்தக் கேள்வி பலிக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் கேட்ட வகைக் கேள்வி.

டெவன் மாவட்டத்தில் ஆப்பிள் மது காய்ச்சும் பருவத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும். பலருக்குக் கை மணிக்கட்டில் தொங்கிப்போகும். ஆப்பிளின் புளிப்புதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஹெர்ஃபர்ட் பக்கத்திலும் அதே மதுவைக் குடிக்கிறார்கள், அங்கே இந்த வலி இல்லையே என்று பேக்கர் யோசித்தார். ஆப்பிளை விட்டுவிட்டுப் பிழியும் ஆலையை விசாரித்தார். டெவன் ஆலைகளில் கல் இடுக்குகளைக் காரீயம் ஊற்றி அடைத்திருந்தார்கள், தொட்டிக்குக் காரீயத் தகடு போட்டிருந்தார்கள். புளிப்பு அதைக் கரைத்துக்கொண்டு வந்தது. டெவன் மதுவில் காரீயம் இருப்பதை வேதியியல் சோதனையில் காட்டி 1767இல் வெளியிட்டார். உள்ளூர்க்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நம் ரசத்துக்கான ஈயச் சொம்புக்கும் இதுவே கணக்கு. சுத்தமான வெள்ளீயமாக இருக்கும்வரை பயமில்லை; காரீயம் கலந்து வார்த்திருந்தால் புளிக்கரைசல் அதைச் சும்மா விடாது.

பேக்கரின் புதிரில் காலம் மலிவு. ஊர் ஊராக விசாரிக்க முடிந்தது. வழக்கை ஆதாரங்களோடு முன்வைத்து மாணவனை யோசிக்க வைப்பது மருத்துவக் கல்விக்குள் வந்ததே பின்னால்தான். ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன், சட்டம் படித்த அறைத்தோழர் வழக்குகளை வைத்து உற்சாகமாக விவாதிப்பதைப் பார்த்து, 1900இல் அதை மருத்துவத்துக்கும் கேட்டு எழுதினார். மருத்துவர் ரிச்சர்ட் கேபட் அதைப் பிடித்துக்கொண்டு பாஸ்டன் மருத்துவமனையில் பெரிய வழக்கமாக்கினார். இன்று கைபேசியில் ஆடுவது அந்த வம்சம்தான். புள்ளி விலை மட்டும் புதிது. 2025இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 304 கடினமான நோய்ப் புதிர்களை இப்படியே படிப்படியாகக் கேட்டுக் கேட்டுத் தீர்க்கும் சோதனையாக்கி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் டாலரில் விலை போட்டார்கள். அவர்களின் கணினி அமைப்பு நூற்றுக்கு 85ஐத் தாண்டியது. புத்தகமோ இணையமோ சக மருத்துவரோ இல்லாமல் ஆடிய மருத்துவர்கள் இருபதை ஒட்டி நின்றார்கள். கையைக் கட்டிப்போட்ட பந்தயம் அது என்று அக்கா மகள் இன்னும் முணுமுணுக்கிறாள்.

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். முடிந்தபின் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரத்த எண்ணிக்கை, ஸ்மியர், வீட்டைப் பற்றிய கேள்வி, காரீய அளவு. இந்த நாலோடு முடித்திருந்தால் செலவு 22, மிச்சம் 78. அந்த 22இல் வீட்டுக் கேள்விக்கு வெறும் இரண்டு. விளையாட்டின் நீதி இதுதான்: வாயால் கேட்பது மலிவு, இயந்திரம் செய்வது விலை. கேள்வி கேட்கத் தூண்டும் விலைப்பட்டியல். எனக்கு அது பிடித்திருந்தது.

அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது பொய் விலை மாமா. ஓ.பி.யில சீட்டு எழுத அஞ்சு செகண்டு. வீட்டைப் பத்திக் கேக்க உக்காந்தா அஞ்சு நிமிஷம். வெளியே நூறு பேர் நிக்கிறாங்க."

அவள் சொல்வதற்கு எண்கள் துணைநிற்கின்றன. 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி. இரண்டு நிமிடத்தில் ஓஹையோக்காரரின் வலி எங்கே, எப்படி என்பதோடு மணி அடித்துவிடும்.

சரி, நீயே விலை போடு என்றேன். ஒரு காகிதத்தில் எழுதினாள். கேள்வி ஒன்றுக்கு 15. வயிற்றைத் தொட்டுப் பார்க்க 10. ரத்தப் பரிசோதனை எதுவானாலும் 2. சி.டி. 5. ஸ்மியருக்கு என்ன என்று கேட்டேன். யோசித்து, "அது உங்க நேரம். 12 வெச்சுக்கோங்க" என்றாள். அந்த விலையில் அதே புதிரை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். வலியைப் பற்றி ஒரு கேள்வி, வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே சீட்டில், ஒரு சி.டி. எல்லாம் முடிந்தும் அறுபதுக்கு மேல் புள்ளி கையில் இருந்தது. ஹீமோகுளோபின் 9.2க்கு இரும்பு மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லி எழுதலாம். சனிக்கிழமை அவர் மறுபடி ஜன்னலைச் சுரண்டப் போயிருப்பார்.